ஹிட்மேன்: அப்சல்யூஷன் – எங்கள் எல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம், பொருள் வாங்கக் கோயம்புத்தூர் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பக்கம் பதுங்கி ஆடும் ஸ்டெல்த் கேம்கள் மேல் பைத்தியமாக ஒரு ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். எங்களுக்குள் பத்து வருஷத்துக்கு மேலாகத் தீராத ஒரே வழக்கு, 2012-ல் வந்த ஹிட்மேன்: அப்சல்யூஷன் நல்ல கேமா இல்லையா என்பதுதான். புதிதாகச் சேரும் தம்பிகள் எல்லாரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்தக் கேமைப் பற்றி ஒன்றுமே தெரியாது அண்ணா. முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் 47 என்று ஒருவர். மொட்டைத் தலை, கறுப்பு கோட், சிவப்பு டை, பின்மண்டையில் பார்கோடு. கூலிக்குக் கொலை செய்பவர். ஆனால் சுட்டுத் தள்ளிக்கொண்டு போவதல்ல இந்த ஆட்டம். சமையல்காரர், காவலாளி, மெக்கானிக் என்று யாருடைய உடையையாவது போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து, குறி வைத்த ஆளை மட்டும் முடித்துவிட்டு, வந்த தடமே இல்லாமல் வெளியேற வேண்டும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உள்ள ஐஓ இன்டராக்டிவ் செய்தது. முதல் கேம் 2000-ல் வந்தது. நான்காவது பிளட் மணி, 2006-ல். அதற்குப் பிறகு ஆறு வருஷ இடைவெளி. 2012 நவம்பர் 20 அன்று ஐந்தாவதாக அப்சல்யூஷன் வந்தது, ஸ்கொயர் எனிக்ஸ் வெளியீடாக.

நல்லா இருக்குன்னு பாதிப் பேர், நாசம்னு பாதிப் பேர். ஏன் இப்படி?

இரண்டு பாதியும் ஒரே கேமைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் காரணம்.

பிளட் மணியில் ஒரு லெவல் என்றால் ஒரு முழு இடம். பாரிஸ் ஓப்பராவை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒரு நடிகரைத் துப்பாக்கியால் சுடுவதுபோல ஒத்திகை நடக்கும். அந்தப் பொய்த் துப்பாக்கியை எடுத்துவிட்டு அதே மாதிரியான நிஜத் துப்பாக்கியை வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். கொலையை இன்னொரு நடிகர் செய்வார், தான் செய்வது தெரியாமலே. கட்டடம் முழுக்க உங்கள் கையில் இருக்கும். எங்கே வேண்டுமானாலும் போகலாம், திரும்பி வரலாம்.

அதில் ஊறியவர்கள் ஆறு வருஷம் காத்திருந்து அப்சல்யூஷனைத் திறந்தார்கள். இருபது மிஷன். ஒவ்வொன்றும் துண்டு துண்டாக வெட்டப்பட்டது. ஒரு கதவைத் தாண்டினால் பின்னால் திரும்ப முடியாது. பல துண்டுகளில் கொல்ல வேண்டிய ஆளே கிடையாது. இந்த முனையிலிருந்து அந்த முனைக் கதவுக்குப் பதுங்கிப் போய்ச் சேர்ந்தால் போதும். பெரிய வீடு கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வரிசையாக லைன் வீடு கட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது அவர்களுக்கு. கோபம் நியாயம்தான்.

இதுவே முதல் ஹிட்மேன் என்று வந்தவர்களுக்கு அந்தக் குறை கண்ணில் படவில்லை. மழையில் நனைந்த சிகாகோ தெரு, கேமை ஓட்டும் கிளேசியர் 2 என்ற மென்பொருள் எஞ்சின் திரட்டிக் காட்டிய ஜனக்கூட்டம், கையாள்வதற்கு லேசான நடை. பழைய கேம்களில் 47-ஐத் திருப்புவது மாட்டு வண்டியைத் திருப்புவது போல இருக்கும். இதில் நினைத்த மாத்திரத்தில் மறைவிடத்தில் ஒட்டிக்கொள்கிறார். அவர்களுக்குப் பிடித்துப்போனதிலும் தவறில்லை.

மாறுவேடம் வேலை செய்யாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

இதுதான் வழக்கின் நடு முடிச்சு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய கேம்களில் போலீஸ் உடை போட்டால் நீங்கள் போலீஸ். சந்தேகம் வரும்படி ஏதும் செய்யாதவரை பெரும்பாலும் கவலை இல்லை. அப்சல்யூஷனில் விதி மாறியது. போலீஸ் உடை போட்டால் பொதுமக்கள் நம்புவார்கள், ஆனால் மற்ற போலீஸ்காரர்கள் சந்தேகப்படுவார்கள். சமையல்காரர் உடையில் போனால் சமையல்காரர்கள் முறைப்பார்கள். எந்த உடையோ அந்தத் தொழில்காரர்கள்தான் எதிரி.

கேட்டதும் பலருக்கு அபத்தமாகப் படுகிறது. எனக்குப் படவில்லை, நான் வளர்ந்த இடம் அப்படி. சென்னையில் ஹாஸ்டலில் இருந்தபோது போனில் மலையாளம் பேசுவேன். சுற்றி இருந்த அத்தனை பேரும் என்னை மலையாளி என்றே எடுத்துக்கொண்டார்கள், ஓணத்துக்கு ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டவர்கள்கூட உண்டு. அதே நான் திருச்சூரில் ஒரு கடைக்குப் போய் இரண்டு வாக்கியம் பேசினேன். கல்லாவில் இருந்த பெரியவர் சில்லறையை எண்ணிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "பாலக்காட்டுகாரனாணோ?" வெளியாளுக்கு வேஷம் போதும். உள்ளாளுக்கு ஒரு சொல்லின் இழுப்பே போதும். எல்லையில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அப்சல்யூஷன் எழுதியவர்கள் பிடித்தது இந்த உண்மையைத்தான். ஹிட்மேன் தொடரில் மாறுவேடத்தைப் பற்றி யோசித்த யோசனைகளிலேயே ஆழமானது இதுதான் என்று இன்றும் சொல்வேன்.

அப்புறம் எங்கே கெட்டது? அளவில் கெட்டது. திருச்சூர் பெரியவர் என்னைக் கண்டுபிடித்தது நான் அவர் முன்னால் நின்று வாய் திறந்த பிறகு. தெரு முழுக்க இருந்த மலையாளிகள் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேமில் அப்படி இல்லை. சிகாகோ போலீஸ் 47-ஐத் துரத்தும் மிஷனை எங்கள் பெரியம்மா மகன் ஆடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கஷ்டப்பட்டு ஒரு போலீஸ்காரரை மயக்கி, உடையை மாற்றிக்கொண்டு, ரயில் நிலையத்துக்குள் நிமிர்ந்து நடந்தான். பத்து அடி போகவில்லை. தூரத்தில் நின்ற ஒருவர் திரும்பினார், பின்னாலேயே இன்னொருவர், பக்கவாட்டில் மூன்றாமவர். திரையில் சந்தேக அம்பு மூன்று பக்கமும் நிரம்ப ஆரம்பித்தது. அவன் உடனே முகத்தை மறைக்கும் பட்டனை அழுத்தினான். 47 தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு நடக்கிறார், இன்ஸ்டிங்க்ட் என்ற சக்தி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டை கடகடவென்று இறங்குகிறது. அது தீர்ந்த இடத்தில் ஆளும் தீர்ந்தார். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "போலீஸ் டிரஸ் போடாமலே வந்திருக்கலாம்" என்றான். அவன் சொன்னது சரி. வேஷம் போட்டவன் போடாதவனைவிட ஆபத்தில் இருக்கிறான் என்றால் அது மாறுவேட கேமுக்கு ஆகாது.

சிகாகோ எவ்வளவு பெரிய நகரம். அங்கே எல்லாப் போலீஸும் எல்லாப் போலீஸையும் முகம் பார்த்துத் தெரிந்து வைத்திருப்பார்களா என்ன?

அப்ப எப்படிச் செஞ்சிருக்கணும்?

எங்கள் தாலுகாவிலிருந்து நிறையப் பேர் கோயம்புத்தூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். பெரிய சைட்டில் நூறு கொத்தனார் இருந்தால் ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. புதிதாக ஒருவர் கரண்டியோடு வந்து நின்றால் எவரும் ஏனென்று கேட்கப்போவதில்லை. ஆனால் மேஸ்திரிக்குத் தெரியும். அவர் எண்ணிக் கூட்டி வந்த ஆட்கள். ஆக, பயப்பட வேண்டியது மேஸ்திரிக்கு மட்டும்.

2016-ல் வந்த அடுத்த ஹிட்மேன் இதைத்தான் செய்தது. ஒவ்வொரு உடைக்கும் அதைக் கண்டுபிடிக்கக் கூடிய குறிப்பிட்ட சிலர் மட்டும் இருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. தலைமைச் சமையல்காரர் கண்டுபிடிப்பார், தட்டு தூக்குகிற சர்வர் கண்டுபிடிக்க மாட்டார். வெள்ளைப் புள்ளிக்காரர் முதுகைக் காட்டும் நேரத்தில் கடந்துவிடலாம். இந்தப் புள்ளி வானத்திலிருந்து விழவில்லை, அப்சல்யூஷனின் விதியை எடுத்து அளவாக வெட்டியதுதான். அதனால்தான் "அப்சல்யூஷனை மறந்துடுங்க, அது இல்லாமலே தொடர் நல்லா இருந்திருக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. அங்கே தவறியதால்தான் இங்கே சரியானது.

இன்ஸ்டிங்க்ட் என்பது ஏமாற்று வேலையா?

ஒரு பட்டனை அழுத்தினால் சுவருக்கு அப்பால் இருப்பவர்கள் தெரிவார்கள். காவலர் அடுத்து எந்தப் பக்கம் நடப்பார் என்று தரையில் நெருப்புக் கோடு ஓடும். பழைய ஆட்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் காலத்தில் ஒரு மேப்பும் பொறுமையும்தான் துணை.

என் பார்வையில் பார்ப்பதற்கு இன்ஸ்டிங்க்ட் இருப்பதில் பிரச்சினை இல்லை. வேண்டாதவர்கள் தொட வேண்டாம். மாறுவேடத்தையும் அதே பட்டையில் கட்டிப் போட்டதுதான் பிழை. பட்டை காலியானால் வேஷமும் காலி. கண்ணாடி கேட்பவனிடம் செருப்பையும் சேர்த்து அடகு வாங்கிய மாதிரி.

மொத்தம் ஐந்து கடின நிலை உண்டு. உச்சியில் இருப்பதன் பெயர் பியூரிஸ்ட். அதில் திரையில் உதவி என்று ஒன்றும் இருக்காது. பிளட் மணிக்காரர்கள் யாராவது குறை சொன்னால், பியூரிஸ்டில் ஒரு லெவல் முடித்துவிட்டு வாருங்கள் என்று எங்கள் குழுவில் சொல்வது வழக்கம். முடித்துவிட்டு வந்தும் குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

நடுவில் சேவ் பண்ண முடியாதா?

நினைத்த இடத்தில் முடியாது. லெவலில் சில இடங்களில் செக்பாயின்ட் இருக்கும், தேடிப் போய்த் தொட வேண்டும். அதிலும் பெரிய எரிச்சல் ஒன்று: செக்பாயின்டிலிருந்து மறுபடி தொடங்கினால், நீங்கள் பாடுபட்டு மயக்கிப் பெட்டிக்குள் போட்ட காவலர்கள் எல்லாம் எழுந்து பழைய இடத்திலேயே நிற்பார்கள். ஒரு மணி நேரம் களை பறித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் களை அப்படியே நிற்கிற மாதிரி. இதற்கு ஆதரவாகப் பேச என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

திட்டுகிறவர்கள்கூட சைனாடவுன் லெவலை மட்டும் புகழ்கிறார்களே?

புகழ வேண்டியதுதான். தொடக்கத்திலேயே வரும் லெவல் அது. சிகாகோவில் ஒரு சந்தைச் சதுக்கம், நடுவில் ஒரு மண்டபம், சுற்றிலும் கடைகள், நெருக்கியடிக்கும் கூட்டம். அங்கே தன்னை ராஜா என்று சொல்லிக்கொண்டு திரியும் ஒருவன்தான் குறி. அவன் சாப்பிடுவதில் விஷம் கலக்கலாம். மேலே ஒரு வீட்டுக்குள் ஏறித் தூரத்திலிருந்து சுடலாம். அவன் காரில் குண்டு வைக்கலாம். ஒரே மூச்சில் முழு இடமும் திறந்து கிடக்கிறது.

நான் அதை முதலில் பார்த்தபோது தத்தமங்கலம் 'அங்காடி வேலா' கோயில் திருவிழாக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. தோள் இடிக்காமல் நடக்க முடியாது, ஆனால் அந்த இடியிலேயே ஆள் மறைந்துபோகலாம். கூட்டத்தை மறைவிடமாக அவர்கள் அமைத்த விதம் அவ்வளவு நிஜம். கேம் முழுக்க இப்படியே இருந்திருந்தால் இந்தப் பக்கத்தை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

கதை எப்படி?

47-க்கு எத்தனையோ வருஷமாகக் காதில் வழி சொல்லி வந்தவர் டயானா பர்ன்வுட். அவரையே கொல்லச் சொல்லி, 47-க்கு வேலை தரும் ஏஜென்சி உத்தரவு போடுகிறது. 47 சுட்ட பிறகு, விக்டோரியா என்ற பெண் குழந்தையைக் காப்பாற்றும்படி டயானா கேட்கிறார். அங்கே தொடங்கி சிகாகோ, சவுத் டகோட்டாவில் ஹோப் என்ற சிற்றூர், பிளேக் டெக்ஸ்டர் என்ற ஆயுத வியாபாரி என்று போகிறது.

தொடக்கம் கனமானது. போகப் போகக் கதை ஆட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. முக்கியமான சில சாவுகள் காட்சிப் படத்திலேயே முடிந்துபோகும், கை நம்முடையது இல்லை. ஒரே ஒரு இடத்தை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். பாலைவனத்தில் லென்னி என்பவன் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு உயிருக்குக் கெஞ்சுகிறான். அவ்வளவுதான் அந்த மிஷன், சில நிமிஷம். சுடலாம். சுடாமல் காரில் ஏறி அவனை அந்த வெயிலில் விட்டுவிட்டும் போகலாம். இதெல்லாம் ஒரு மிஷனா என்று நண்பர் ஒருவர் கொதித்தார். நான் அன்று ராத்திரி வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கன்னியாஸ்திரி டிரெய்லர் என்று ஏதோ சொல்கிறார்களே?

2012 மே மாதம் வந்த விளம்பரம். கன்னியாஸ்திரி உடையில் வரும் பெண்கள் அதைக் கழற்றிவிட்டு இறுகிய லேடெக்ஸ் உடையில் சண்டைக்கு வர, 47 அவர்களை ஒவ்வொருவராகக் கொல்வார். கடுமையான எதிர்ப்பு வந்தது, செய்தவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். எங்கள் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் படித்தவர்கள் பாதிப் பேர். அந்த டிரெய்லரை வீட்டு ஹாலில் போட்டுக் காட்ட ஒருவருக்கும் மனசு வரவில்லை. அது தேவையில்லாத விளம்பரம்.

இசை, குரல்?

முதல் நான்கு கேம்களுக்கு இசையமைத்த யெஸ்பர் கிட் இதில் இல்லை. அந்த வெறுமை கேட்கும் காதுக்குத் தெரியும். 47-இன் குரல் டேவிட் பேட்சனுடையதே, அது பெரிய ஆறுதல்.

கான்ட்ராக்ட்ஸ் மோடு இப்போது ஆடலாமா?

முடியாது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஒரு லெவலில் மூன்று பேர் வரை யாரை வேண்டுமானாலும் குறியாக்கி, நாமே அவர்களை முடித்துக் காட்டினால் அதுவே மற்றவர்களுக்குச் சவாலாகப் பதிவாகும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் வந்து ஆடலாம். கேமைத் திட்டியவர்களும் இதை மெச்சினார்கள். ஐரோப்பாவின் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி அதன் சர்வர்களை நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, இந்த யோசனை பின்னால் வந்த ஹிட்மேன் கேம்களில் உயிரோடு இருக்கிறது.

பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா?

ஓடும். குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், 512 எம்பி கிராஃபிக்ஸ் கார்டு, 24 ஜிபி இடம் கேட்கிறது. கூட்டம் அதிகமுள்ள இடங்களில் திணறினால் செட்டிங்கைக் குறையுங்கள். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருப்பவர்களுக்கு பிளட் மணியும் இதுவும் சேர்ந்த மெருகேற்றிய தொகுப்பு 2019 ஜனவரியில் வந்தது.

தோல்வி கேம்தானே இது?

2013 மார்ச் வரை 36 லட்சம் பிரதிகள். அதையே எதிர்பார்ப்புக்குக் குறைவு என்றார்கள் வெளியீட்டாளர்கள். எண்ணிக்கையை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

நம்ம நாடு இந்தத் தொடரில் வருகிறதா?

அப்சல்யூஷனில் இல்லை. 2002-ல் வந்த ஹிட்மேன் 2: சைலன்ட் அசாசினில் அமிர்தசரஸ் பொற்கோயிலை ஒத்த இடத்தில் கொலைகள் வருவதாகச் சீக்கியர்கள் எதிர்த்தார்கள், பிறகு மாற்றங்கள் செய்யப்பட்டன. 2018-ல் வந்த ஹிட்மேன் 2-இல் மும்பை ஒரு முழு லெவல். சினிமா ஷூட்டிங், ரயில் யார்டு, சந்துகள். அதில் ஒரு குறி யாரென்றே தெரியாது, முகத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டும். நாவிதர் வேஷத்தில் போனால் அவனே வந்து சவரத்துக்கு உட்காருவான். மாறுவேடம் சரியாக அமைந்தால் எப்படி இருக்கும் என்று காட்ட எல்லாருக்கும் இதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

தம்பி, எங்க வீட்டுப் பையனுக்குப் பதிமூணு வயசு. இதை ஆட விடலாமா?

வேண்டாங்க அக்கா. இது பெரியவர்களுக்கான கேம். கொலை மட்டும் காரணமில்லை. பெண்களைக் காட்டும் விதம், கெட்ட பேச்சு, போதைப்பொருள் எல்லாம் உண்டு. பதினெட்டு ஆகட்டும், நானே வந்து போட்டுத் தருகிறேன்.

எல்லாம் சரி அண்ணா, எதிலிருந்து தொடங்குவது?

2016, 2018, 2021-ல் வந்த மூன்று கேம்களும் 2023 ஜனவரியிலிருந்து வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன் என்ற ஒரே பெயரில் கிடைக்கின்றன. முதலில் அதில் வரும் பாரிஸ் லெவல். கை பழகியதும் பிளட் மணி, பழைய கட்டுப்பாடுகள் முரண்டு பிடிக்கும், இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்சல்யூஷன் மூன்றாவது. அப்போதுதான் எது அதன் குறை, எது பின்னால் வந்தவைக்கு அது கொடுத்தது என்று இரண்டும் தெரியும்.

அதில் சைனாடவுன் வந்ததும் உடனே யாரையும் தொடாதீர்கள். கோட்டோடு கூட்டத்துக்குள் நின்று, அந்த ராஜா எங்கே சாப்பிடுகிறான், யாரிடம் நின்று பேசுகிறான், கார்ப் பக்கம் எப்போது போகிறான் என்று பத்து நிமிஷம் பின்னாலேயே நடந்து பாருங்கள். இன்ஸ்டிங்க்ட் பட்டனில் விரலை வைக்க வேண்டாம். பார்த்துவிட்டு எப்படி முடித்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் இதுவரை ஒருவர் செய்ததை இன்னொருவர் முதல் முறையில் செய்ததில்லை.